மூச்சுவிட இடமில்லாத பாட்டு

என் அக்கா இசைக் கல்லூரியில் கிளாரினெட் சொல்லிக்கொடுக்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, பிறகு யாரும் சீண்டாமல் விட்ட கிளாரினெட் இசையைத் தேடிப் பிடித்து, மாணவர்கள் வாசிக்கும்படி படியெடுத்துத் தருவது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. வெளிநாட்டில் இருக்கும் நான், பார்ப்பவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

இந்த முறை விடுப்பில் போனபோது அவள் முகமே சரியில்லை. கல்லூரி நூலக நிலவறையில் அகப்பட்ட பழைய பாட்டு ஒன்றைத் தேர்வுக்கு வைக்கச் சொல்லிப் பாடக்குழுவுக்கு அனுப்பியிருந்தாள். எழுதியவர் பெயர் தெரியாத ஏதோ ஒரு பேண்டு வாத்தியக்காரர். "எழுதினவருக்கு மனுஷ நுரையீரல் எவ்வளவுன்னே தெரியல" என்று குழுத் தலைவர் ஓரங்கட்டிவிட்டார். நேரில் வாசித்துக் காட்ட ஒரு வாய்ப்பு மட்டும் கெஞ்சி வாங்கியிருந்தாள்.

ஒத்திகையில் அதைக் கேட்டேன். தலைவர் சொன்னது பொய்யில்லை. ஜவ்வாக இழுக்கும் வரி. மூச்சுவிட இடமே கிடையாது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏம்மா, பாதியில நீ போய்ச் சேர்ந்துட்டா மிச்சத்த நான் மட்டும் வாசிக்கணுமா?" என்றார் பியானோவில் இருந்த அத்தான்.

"வாய மூடிட்டு வாசிங்க."

"பல் டாக்டர்கிட்ட போகணும்மா. இப்படி இழுத்து வாசிச்சா, போறதுக்குள்ள பல்லு தானா விழுந்துரும்."

சொல்லிவிட்டு வேண்டுமென்றே இரண்டு மடங்கு வேகத்தில் விரட்டினார். அக்காவும் வீம்புக்குத் துரத்தினாள். பக்கம் முடிந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. ஒப்பாரி மாதிரி கிடந்தது துள்ளிக் குதித்திருந்தது.

மறுநாள் நிலவறையில் மூலப் பிரதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். வேக எண்ணுக்கு முன்னால், நிமிடத்துக்கு எந்தச் சுரம் அத்தனை வர வேண்டும் என்று காட்டும் சுரக்குறியின் தலை வெறும் வளையம்தான். மை பரவி அடைத்திருந்தது. அதை, வளையத்தில் பாதி நீளமே உள்ள நிரம்பிய குறி என்று அக்கா படியெடுக்க, வேகம் பாதியாகிவிட்டது.

"இத வெளிய சொல்லாதக்கா. வேகமா வாசிச்சிட்டு வந்துரு," என்றேன். அவள் இத்தனை வருஷம் சேர்த்த பெயர் என்னாவது?

"அப்போ அவர் தப்பா எழுதினத நான் சரிபண்ணினதா ஆயிடும்டா. அவருக்காகப் பேச வேற யார் இருக்கா?"

குழுவின் முன்னால் அவள் வாயைத் திறந்ததும் சொன்னது, "தப்பு எழுதினவர் மேல இல்ல. என் மேல." பிறகுதான் கிளாரினெட்டை எடுத்தாள்.

முடிந்ததும் தலைவர் இசைத்தாளை வாங்கிப் புரட்டினார். "ஏம்மா, நாங்க படிக்கிறப்ப இது எங்க இருந்துச்சு?"

"உங்க காலுக்குக் கீழதான் சார். நிலவறையில."

அறையே சிரித்தது. இந்த ஆண்டு மாணவர்கள் அதைத்தான் வாசிக்கிறார்கள். படியெடுத்தவர் என்று தன் பெயரைப் போட அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. போடச் சொல்லி வாராவாரம் போனில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.