திருச்சி நாற்காலி

எங்கள் திருச்சியில் பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டால் போதும். வழியோடு சேர்த்து, மகளை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம், முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்பதுவரை சொல்லித்தான் அனுப்புவார்கள். இங்கே கோலாலம்பூரில், யோசனை சொல்லாமல் இருப்பதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கிய ஒருவரிடம் ஆறு வாரம் போய்வந்தேன்.

அவர் பெயர் கோமதி. இந்த நாட்டிலேயே, கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர், இப்போது லைஃப் கோச், அதாவது நம் முடிவை நாமே எடுக்கப் பழக்குகிறவர். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் அவர் அறை. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பும்போது கண்துடைப்புக்கு ஏற்பாடு செய்து தந்த சந்திப்புகள் இவை. வேலை போனதால் விசாவும் முடியப்போகிறது. பக்கத்து ஊரான கிள்ளானில் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்ளத் தயார், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். மனைவி, மகள் படிப்புக்காக அவளோடு இரண்டு வருடம் முன்பே திருச்சிக்குத் திரும்பிவிட்டாள். இருப்பதா, போவதா? இவ்வளவுதான் என் கேள்வி.

"நீங்களே சொல்லுங்க மேடம், என்ன செய்யலாம்?"

"நல்ல கேள்விண்ணே. உங்களுக்கு என்ன தோணுது?"

எனக்கு அப்போது தோன்றியதை எழுத முடியாது. மனைவியிடம் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள். கல்யாணமானவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தையின் ஆபத்து தெரியும். முன்பு நான் மலேசியாவுக்குக் கிளம்பியபோது மாமனார் முடிவு செய்தார், பக்கத்து வீட்டுக்காரர் ஆமோதித்தார், வங்கியில் காசாளர்கூட வாழ்த்தினார். என் விருப்பத்தை யாருமே கேட்கவில்லை என்று அத்தனை வருடமும் குறைபட்டேன். இப்போது எல்லாரும் அதையே கேட்டு உயிரை வாங்குகிறார்கள்.

கடைசிச் சந்திப்பும் அதே வெள்ளிக்கிழமைதான். கீழே கடையிலிருந்து இரவல் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, முதுகில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தார் கோமதி. ஒன்றில் கிள்ளான், ஒன்றில் திருச்சி.

"ஒவ்வொண்ணுலயும் உட்கார்ந்து, அங்கயே இருக்கிற மாதிரி பேசுங்கண்ணே."

தலையெழுத்து என்று உட்கார்ந்தேன். கிள்ளானில், ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் மகள் சாப்பிடுவதைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டேன். திருச்சியில், ஐம்பது வயதில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். சொந்த வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாமல் மகளைக் கேட்டேன்.

"ரெண்டுலயும் கம்ப்ளெயின் மட்டும்தான் வருது லா" என்றார் கோமதி, இந்த ஊர்ப் பேச்சின் "லா"வோடு.

"வேற என்னங்க வரும்!" கத்தியேவிட்டேன்.

அப்போதுதான் கடைக்கார அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"கோமதி, ஒரு நாற்காலி குடும்மா. கீழ கூட்டம் வந்திருச்சு லா."

கோமதி என்னைப் பார்த்தார். "எதைக் குடுக்கலாம்ண்ணே?"

நான் யோசிக்கவில்லை. கை திருச்சியைத் தூக்கி நீட்டியது. அந்த அம்மா மஞ்சள் காகிதத்தோடேயே அதை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். கோமதி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்கத்தானே படித்திருக்கிறார்.

அங்கேயே கிள்ளானுக்குச் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டு, மனைவியை அழைத்தேன்.

"நீங்க வர மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாம்ல?"

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பிடத்தான் கீழே இறங்கினேன். கடையின் நடுவில் என் நாற்காலி கிடந்தது, முதுகில் திருச்சி. யாரோ ஒருவர் அதில் சாய்ந்து உட்கார்ந்து, நிதானமாக ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பக்கம் இடம் இருக்கு, உட்காருங்க" என்றார் கடைக்கார அம்மா.

இருந்தது. கூட்டம் கலைந்து இரண்டு மூன்று நாற்காலிகள் காலியாகவே இருந்தன. "பரவாயில்லைம்மா" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் எழுந்திருக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.