பையில் இருந்த ஏழு மிட்டாய்

அறுபதுகளில், ஆபீஸ் தயவில் பம்பாயிலிருந்து மதராசுக்கு முதல்முறையாக விமானம் ஏறினேன். எங்கள் மாதுங்கா பில்டிங்கே கொண்டாடியது. அங்கே ஏழு குழந்தைகள். ஏழு பேருக்கும் பிளேன் மிட்டாய் வேண்டுமாம்!

பணிப்பெண் தட்டை நீட்டியபோதெல்லாம் வெட்கமில்லாமல் அள்ளினேன். சரியாக ஏழு சேர்ந்தது.

விமானம் இறங்கத் தொடங்கியதும் காதுக்குள் ஊசி குத்தியது. அம்மாடி, என்ன வலி! தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

"மிட்டாய வாயில போடும் வே! காதடைக்காம இருக்கத்தான் அதக் குடுக்காவ" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். தாராவியில் தோல் வியாபாரம் செய்யும் திருநெல்வேலி பாய்.

"கொழந்தைகளுக்குன்னு எண்ணி வெச்சிருக்கேன்" என்றேன்.

அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "இதச் சப்பி எச்சில முழுங்கும்."

முழுங்கினேன். டப்பென்று காது திறந்தது! குஷியில் நன்றி சொல்லத் திரும்பினால், அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு?"

"இருந்த ஒண்ணு உம்ம வாயிலல்லா இருக்கு" என்று சிரித்தார்.

என் பையில் ஏழு இருந்தன. அதில் ஒன்றை அவரிடம் நீட்ட எனக்குத் தோன்றியது, சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான்.