வேண்டுமென்றே திக்கியது

எண்பதுகளில் வெளிநாட்டில், பேச்சுக் குறைபாடுகளுக்கான சிகிச்சையில் மேற்படிப்பு படித்தேன். விடுமுறைக்குக் கிளம்பும்போது பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார்: ஊரில் ஏதாவது கடையில் வேண்டுமென்றே திக்கிப் பேச வேண்டும், எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று எழுதி வர வேண்டும். இது என்ன கூத்து என்று எரிச்சலாக இருந்தது.

மலேசியாவில் நான் வளர்ந்த எஸ்டேட்டில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். அதனால் பக்கத்து டவுனான பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு பஸ் ஏறிப் போய், அதுவரை போகாத ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, “ரொ... ரொ... ரொட்டி” என்றேன். கடைக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

“மெ... மெதுவா சொல்லுங்க தம்பி. எ... எனக்கும் இப்படித்தான் லா,” என்றார்.

குறிப்பெழுதக் கொண்டுபோன நோட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. விடுமுறை முழுவதும் அவர் கடைக்குப் போனேன். ஒரு நாள்கூடத் திக்காமல் பேச எனக்குத் துணிவு வரவில்லை.