தலை முதல் குதிகால் வரை

சுனாமிக்கு அடுத்த வருஷம் மரக்காணம் பக்கத்து ஊர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை ஆம்புலன்ஸ் விட்டது. அதில் பின்னால் உட்கார்ந்து வருகிற வேலை எனக்கு. நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்திருந்தேன், பிரம்மதேசத்திலிருந்து பஸ்ஸில் வந்து போய்விடலாம், அதனால் எடுத்துக்கொண்டார்கள். டிரைவர் அதற்குமுன் மீன் லாரி ஓட்டியவர். பள்ளம் மேடெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் இருவரையும் இடையஞ்சாவடி பக்கம் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை. எனக்குப் போக இஷ்டமில்லை. பெரியவர்களுக்குச் செய்வதைக் கொஞ்சம் குறைத்துச் செய்தால் போயிற்று, இதற்கு எதற்கு இரண்டு நாள் என்று பஸ்ஸிலேயே புலம்பினேன். முதல் மணி நேரத்திலேயே மூக்குடைபட்டது. வகுப்பெடுத்த டாக்டரம்மா எங்கள் வண்டியிலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்கை ஒரு பொம்மையின் முகத்தில் வைத்துக் காட்டினார். கண்ணையும் மூடி, தாடைக்குக் கீழேயும் இறங்கியது. காற்றெல்லாம் ஓரமாகவே போய்விடும் என்றார். அதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் நான் அந்த மாஸ்கைத்தான் வைத்திருந்தேன். அங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது சின்ன மாஸ்க்குகளும் நீளமாக ஒரு வண்ண டேப்பும் கொடுத்தார்கள். குழந்தையைப் படுக்க வைத்துத் தலையிலிருந்து டேப்பை விரித்தால், குதிகால் எந்த நிறத்தில் முடிகிறதோ அதை வைத்து எடையை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். எடை தெரிந்தால்தான் மருந்தின் அளவு தெரியும். அம்மாவையே கேட்டால் என்ன என்றார் ஒருவர். நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் எந்த அம்மா பிள்ளையின் எடையைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள்? கண்ணு பட்டுவிடும் என்று இரண்டு கிலோ குறைத்துத்தான் சொல்வாள்.

டேப்பை முதன்முதலாக வெளியே எடுத்தது சித்திரை மாதத்தில், உப்பளக் கரையில். உப்பு வாருகிற ஒருத்தி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். காலையிலிருந்து காய்ச்சல், இப்போது வலிப்பு, நிற்கவே இல்லை. குழந்தையை ஸ்ட்ரெச்சரில் கிடத்திச் சின்ன மாஸ்கை வைத்தேன். டிரைவர் செல்லில் டாக்டரம்மாவைப் பிடித்துக் கொடுத்தார். வலிப்பை நிறுத்துகிற மருந்து வண்டியில் இருந்தது. ஆனால் அளவு கூடினால் மூச்சு அடங்கிவிடலாம், குறைந்தால் வலிப்பு நிற்காது. எடை என்ன என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

டேப்பின் முனையை உச்சந்தலையில் வைத்து, குழந்தையின் காலை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“எம்புள்ளைக்குக் குழி அளவா எடுக்குற?”

கடலோரக் குப்பத்திலிருந்த பாட்டி வீட்டுக்குப் போயிருந்த அவளுடைய மூத்த பையனைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. குழி வெட்டுகிறவர் அவள் கண்ணெதிரிலேயே ஒரு குச்சியை அவன் நீளத்துக்கு ஒடித்துக்கொண்டு போனாராம். இதெல்லாம் பிறகு டிரைவர் விசாரித்துச் சொன்னது. அன்றைக்கு நான் கண்டது, மாஸ்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவள் குழந்தையோடு இறங்கி வரப்பில் போவதை மட்டும்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதைப் பெண்களுக்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

“சாவட்டும்னா தூக்கினு போ.”

சொன்னது நான்தான். அவள் நின்றுவிட்டாள், ஆனால் திரும்பவில்லை. டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். டேப்பும் செல்லுமாக நான் இறங்கி ஓடினேன்.

குழந்தை அவள் தோளோடு ஒட்டி, விறைத்து நேராக இருந்தது. தலை அவள் காதுக்குப் பக்கத்தில். கால் அவள் தொடை வரை நீண்டிருந்தது.

“உம்புள்ளைய அளக்கலம்மா, உன்னத்தான் அளக்குறேன். செத்த நில்லு.”

டேப்பின் முனையை அவள் காதோரம் பிடித்துப் புடவைமேல் தொங்கவிட்டேன். அவள் தடுக்கவில்லை. குழந்தையின் குதிகாலுக்கு நேராக இருந்த நிறத்தை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சொன்ன அளவை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு, மருந்தை எடுக்க வண்டிக்கு ஓடினேன். அவளாகவே வண்டியில் ஏறி மகளைப் படுக்க வைத்தாள். மாஸ்கைத் திரும்ப வைத்து மருந்தைக் கொடுத்தேன். மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் வலிப்பு நின்று உடம்பு தளர்ந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். அவளும் உதடசைத்து எண்ணினாள். அந்த வாரமே டிரைவர் சொன்ன யோசனைப்படி டேப்பை ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில் ஒட்டிவிட்டோம். அதற்குப் பிறகு, பிள்ளையைக் கிடத்தினாலே அளவு தெரிந்துவிடும், யாரும் அளக்க வேண்டியதில்லை.

குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே சாயங்காலம் வார்டில் எட்டிப் பார்த்தேன். குழந்தை கண் விழித்துத் தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வரேம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்து மகளின் தலையில் வைத்தாள்.

“அந்த வார்த்தைய உங்க வாயாலதான் சொன்னீங்க, சிஸ்டர். உங்க வாயாலயே நல்ல வாக்கு சொல்லிட்டுப் போங்க.”

நூறு வயசு இருக்கணும் என்றேன். இன்னொரு தடவை என்றாள். சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள். நான் சொல்லி முடித்த பிறகுதான் கையை விட்டாள்.