அரிசிக்கடைத் தாணுவின் தொப்பை போன கதை

சாலைக் கம்போளம் என்ற எங்கள் கடைத்தெருவில் இப்போது ஓடும் செய்தி இதுதான்: அரிசி மொத்தக்கடை தாணு ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துக் கொழுப்பை எடுத்தார், பெண் பார்க்கப் போன கோயில் வாசலில் தையல் பிரிந்துவிட்டது, பெண் அலறி ஓடிவிட்டாள். பாதி சாலை இதை நம்புகிறது. மீதிப் பாதி குடலையே பார்த்ததாகச் சொல்கிறது. நடந்ததை நான் சொல்கிறேன். பக்கத்துக் கடையில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாவிட்டால் எனக்கெல்லாம் கடை எதற்கு?

தாணுவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். மனைவி தவறி வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் ஆர்யா பெங்களூருக்கு வேலைக்குப் போனபிறகு, தனியாகச் சாப்பிட்டுத் தனியாக டிவி பார்க்கிற ஆள். அப்பாவுக்கு ஒரு துணை வேண்டும் என்று மகளேதான் தரகர் ஆறுமுகசாமியைப் பிடித்தாள். வஞ்சியூரில் கணக்கு ஆபீஸ் வைத்திருக்கும் நீலாம்பாள், தாணுவின் போட்டோவைப் பார்த்துவிட்டு, நேரில் பார்க்கலாம் என்றாள். அவள் போட்டோவைப் பார்த்த தாணுவுக்கோ ஆசை பிடித்துவிட்டது.

தொல்லை என்னவென்றால், தரகர் கொடுத்தது தாணுவின் பழைய போட்டோ. அதில் அவர் மூங்கில் கழி. இப்போதைய தாணு, சாயங்காலம் ரசவடை தவறாதவர்.

"இப்பம் போய் நின்னா, போட்டோவில உள்ளவருக்கு அண்ணனான்னு கேப்பா," என்று புலம்பினார்.

ஆர்யா கொரியரில் ஒரு கார்செட் அனுப்பினாள். நெஞ்சுக்குக் கீழே தொடங்கி இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் கச்சை. உள்ளே வளையாத கம்பிகள், முன்னால் அகலமான ஒட்டுப்பட்டை. அதைச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு அவர் கடைக்கு வந்த அன்று தெருவே திரும்பிப் பார்த்தது. குனிய முடியாது, அரிசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிரித்தால் தோள் மட்டும் குலுங்கியது. ரசவடை நின்றது. போகப்போக அந்த விறைப்பு அவருக்குப் பிடித்தும் போயிற்று. கல்லாவிலேயே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

"எங்க வெச்சுப் பாக்கலாம்?" என்று தரகர் கேட்டார். சாலைக்காரர் வாய்க்கு இதற்கு ஒரே பதில்தான் தெரியும்.

"கோயில்ல வெச்சுத்தான்."

பத்மநாபசாமி கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போக முடியாது. பிறந்ததிலிருந்து கழற்றிப் பழகியவர், யோசிக்கவே இல்லை. வாசலில் மேல் பொத்தானைக் கழற்றி அடுத்ததில் கை வைத்தபோதுதான் உறைத்தது. எதிரே நீலாம்பாள். பக்கத்தில் காவலர், "சேட்டா, ஷர்ட் ஊரணும்" என்று மலையாளத்தில் கழற்றச் சொல்கிறார்.

"ஒரு அவசரம், கடை வரைக்கும் போயிட்டு..." என்று தாணு திரும்பி நடந்தார். வேகமாக நடக்க மூச்சு எங்கே இருக்கிறது? நீலாம்பாள் முன்னால் வந்து மறித்தாள்.

"சட்டைக்குள்ள என்னது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா இப்பிடி விறைச்சு நிக்கீங்க? செருப்பைக் கழட்டவே உங்களுக்குக் குனிய முடியல்ல. நான் அப்பமே பாத்தாச்சு. பெல்ட்டுதானே? கழட்டுங்க."

"கழட்டினா வயிறு..."

"வயிறு இருந்தா இருந்துட்டுப் போட்டு. மூச்சு விடாத ஆளுகிட்ட நான் எப்பிடிப் பேசது?"

தாணு சட்டையைக் கழற்றினார். ஒட்டுப்பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. 'பர்ர்ர்' என்ற சத்தத்துக்கு வரிசையே திரும்பியது. தொப்பை வெளியே வந்து ஆற அமர உட்கார்ந்தது. அந்தச் சத்தம்தான் சாலைக்கு வந்து சேர்வதற்குள் தையலாகிவிட்டது.

"இப்பம்தான் முகத்தில ரத்தம் ஓடுது," என்றாள் நீலாம்பாள்.

கச்சையைச் சட்டைக்குள் சுருட்டித் தரகர் கையில் திணித்துவிட்டு, தொப்பையை முன்னால் விட்டு, தாணு ராஜா மாதிரி உள்ளே போனார். ஆவணியில் கல்யாணம்.

நேற்று ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து நைசாக இழுத்தார். "பின்னே, தையலெல்லாம் ஆறிச்சா அண்ணாச்சி? அந்த அம்மா ஓடிப்போச்சாமே?"

தாணு ரசவடையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"நல்லாப் பாரும்வே. தையலும் கிடையாது, மண்ணும் கிடையாது. பெல்ட்டு போட்டிருந்தேன், கழட்டினேன். பின்னே, ஓடப் பாத்தது அவ இல்ல, நான். பிடிச்சு நிறுத்தினதுதான் அவ."