கலண்டருக்குப் பின்னால ஒரு சுவர்

மொழிபெயர்ப்பு வேலை எண்டால் வேற ஒண்டுமில்லை, இரண்டு பேர் சண்டை பிடிக்க, நடுவில இருக்கிற ஒருத்தி இரண்டு பக்கத்தாலயும் வாங்கிக் கட்டுறது.

எண்பதுகளின்ர கடைசியில தொடங்கி ஒரு பத்து வருசம் தெற்கு லண்டன்ல, எங்கட நகரசபை மாதிரி ஒரு கவுன்சிலில இந்த வேலை பார்த்தனான். எந்தக் கவுன்சில் எண்டு கேக்காதேங்கோ, எல்லா இடமும் ஒரே கூத்துத்தான். வீடில்லாதவைக்கு வீடு குடுக்கிற வீட்டுப் பகுதிக்குத் தமிழ் ஆக்கள் வந்தால் எனக்குப் போன் வரும். நான் கோலியர்ஸ் வுட்டில இருந்து பஸ் பிடிச்சு ஓடுவன். அங்க நம்பர் துண்டைக் கையில வைச்சுக்கொண்டு, பிளாஸ்டிக் கதிரையில மணித்தியாலக் கணக்கா இருந்து முதுகு நொந்தவை இதை வாசிக்கிறீங்கள் எண்டால், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவை கொஞ்சம் பொறுமையா இருங்கோ. நாங்களும் அப்பிடித்தான் இருந்தனாங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

முதல் நாளே மார்கரெட் எனக்குச் சட்டம் சொல்லித்தந்தா. அவதான் வீட்டுப் பகுதி அதிகாரி. தடிச்ச கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால இருப்பா. "அவை சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உன்ர அபிப்பிராயத்தை வீட்டில வைச்சிட்டு வா" எண்டா. என்ர வாயைப் பற்றி அவவுக்கு ஆரோ முன்கூட்டியே சொல்லியிருக்கவேணும்.

அண்டைக்கு வந்தது சிவபாலனும் மனிசி பவானியும், நாலு வயசு மகள் துளசியும். யாழ்ப்பாணத்தில சிவபாலன் பாங்கில வேலை பார்த்தவர், இஞ்ச பெற்றோல் ஸ்டேசனில நிண்டார். பக்கத்தில மிச்சம் எண்ட ஊரில ஒரு சிநேகிதன்ர வீட்டு ஹோலில மூண்டு பேரும் படுத்திருக்க, வீட்டுக்காரன் வந்து கண்டுபோட்டு எழும்பச் சொல்லிப்போட்டான். பின்னேரம் போக இடமில்லை. மார்கரெட் நல்ல மாதிரித்தான் கேட்டா, உங்களுக்கு என்ன கஷ்டம் எண்டு. சிவபாலன் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, "பெரிசா ஒரு கஷ்டமும் இல்லை. உங்களுக்குத்தான் எங்களால கரைச்சல்" எண்டார். எனக்குத் தலையில அடிக்கவேணும் போல கிடந்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே, அப்பிடியே சொன்னன். மார்கரெட் பேனையைக் கீழ வைச்சிட்டு என்னைப் பார்த்தா. "கஷ்டம் இல்லையெண்டால் இவர் எதுக்கு மூண்டு சூட்கேசோட வந்திருக்கிறார் எண்டு கேள்."

தற்காலிகம்

ஒரு மாதிரிக் கஷ்டத்தைச் சொல்லவைச்சு, கவுன்சில் அவைக்கு ஒரு விடுதியில நிலத்துக்குக் கீழ அறை ஒண்டு குடுத்தது. கட்டில் இரண்டு, யன்னல் ஒண்டு. யன்னலால பார்த்தால் றோட்டில போற ஆக்களின்ர கால் மட்டும் தெரியும். சமைக்கிற குசினி மேல் மாடியில, ஏழு குடும்பத்துக்கும் அது ஒண்டுதான். கடிதத்தில 'தற்காலிக இருப்பிடம்' எண்டு போட்டிருந்தது. நான் அதை வாசிச்சுச் சொல்ல, பவானி அப்பிடியே நம்பிப்போட்டா. எப்பிடி நம்பினா எண்டால், சூட்கேசில இருந்த உடுப்பை அலுமாரியில அடுக்கவே இல்லை. நாளைக்கே வீடு தந்தால் உடன வெளிக்கிடவேணுமாம். தோய்ச்சு, மடிச்சு, திரும்பவும் சூட்கேசுக்குள்ளயே வைப்பா.

அப்பிடியே ஒரு வருசம் தாண்டிச்சுது. கட்டில் தலைமாட்டுச் சுவர் முழுக்க ஈரம், கறுப்புப் பூஞ்சணம். துளசிக்குத் தொய்வு பிடிச்சு, அந்தப் பிள்ளை மூச்சு இழுக்கிற சத்தம் கதவுக்கு வெளியில கேக்கும். பவானி என்னையும் கூட்டிக்கொண்டு போய், தற்காலிகம் எண்டால் எவ்வளவு காலம் எண்டு கேட்டா. மார்கரெட் ஒரு புத்தகத்தைப் பிரட்டிப் பார்த்திட்டு, அதுக்கு இவ்வளவு காலம் எண்டு எங்கயும் எழுதியில்லை எண்டா. பவானி பிள்ளையின்ர காலைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேர காட்டினா. "அக்கா, அவவுக்குச் சொல்லுங்கோ, இந்தத் தற்காலிகத்துக்குள்ள பிள்ளைக்கு இரண்டு சோடி சப்பாத்து சின்னனாப் போச்சு."

கியூ குறைஞ்ச கதை

அதுக்குப் பிறகு ஒருநாள் பவானியும் துளசியும் நானும் எங்கட நம்பருக்குக் காத்துக்கொண்டிருக்கேக்கை, ஒரு வயசுபோன வெள்ளைக்காரர் கண்ணாடியில தட்டிக் கத்தத் தொடங்கினார். பேர் ஜோர்ஜ், பஸ் கண்டக்டரா இருந்து இளைப்பாறினவர். சரி, இனித் திரும்பி எங்களுக்கும் ஏச்சு விழப்போகுது எண்டு நான் கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டன். கேட்டுப் பார்த்தால் அவர்ர கதை எங்கட கதையை விட மோசம். மனிசனுக்கு இருதய வருத்தம். இருக்கிறது ஐஞ்சாம் மாடி, லிப்ட் வேலை செய்யுறதில்லை. கீழ்வீடு கேட்டுப் பேர் பதிஞ்சு வருசக்கணக்கு. கவுன்சில், 'இன்னும் வீடு தேவையோ, கையெழுத்து வைச்சு அனுப்பு, இல்லாட்டிப் பேரை வெட்டுவம்' எண்டு எல்லாருக்கும் கடிதம் போட்டிருக்கு. கடிதம் வரேக்கை அவர் ஆஸ்பத்திரியில. திரும்பி வந்து பார்த்தால் பேர் இல்லை. அதுக்கு முதல் நாள்தான் ரீவியில ஒரு மந்திரி வந்து சிரிச்சுக்கொண்டு சொன்னது, வீட்டுக்குக் காத்திருக்கிற ஆக்கள் குறைஞ்சு போச்சினம் எண்டு. குறையும்தானே அறுவான், ஆக்களைப் பிடிச்சு வெட்டினால் குறையாமல் என்ன செய்யும்?

"ஏனக்கா அந்த மனிசன் கத்துறார்?" எண்டு பவானி கேட்டா. காத்திருக்கிற அறைக்கு மார்கரெட்டின்ர சட்டம் இல்லைத்தானே, நான் கூட்டிக் குறைச்சு எல்லாத்தையும் சொன்னன். பவானி போத்திலில கொண்டுவந்த தண்ணியைக் கொண்டுபோய்க் குடுத்தா. ஜோர்ஜ் குடிச்சிட்டு எங்களுக்குப் பக்கத்தில வந்து இருந்தார். துளசியின்ர மூச்சுச் சத்தம் கேட்டிருக்கவேணும், கொஞ்சநேரம் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னட்ட மெதுவாச் சொன்னார். "அரசாங்கத்தில இருக்கிறவங்கள் கவுன்சில் வீடுகளை வித்துப்போட்டாங்கள், அதுக்குப் பதிலாப் புதுசு கட்டேல்லை. இப்ப உன்னாலதான் எனக்கு இல்லையெண்டு நானும், என்னாலதான் உனக்கு இல்லையெண்டு நீயும் சண்டை பிடிப்பம் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாங்கள்."

இன்ஸ்பெக்டருக்கு வடை

டொக்டர் கடிதம் எழுதினார், அந்தச் சுவர்தான் பிள்ளையின்ர தொய்வுக்குக் காரணம் எண்டு. கவுன்சில் பதில் போட்டுது. இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், சுவரில ஈரம் எண்டு அவர் எழுதினால் உடன வேற வீடு. செவ்வாய்க்கிழமை பத்து மணி. நான்தான் கடிதத்தை வாசிச்சுச் சொன்னன். சொல்லிப்போட்டு, அப்பாடா எண்டு வீட்டை போய்ப் படுத்தன். என்ர புத்தியைச் செருப்பால அடிக்கவேணும். வீட்டுக்கு வெளியாள் வாறார் எண்டால் எங்கட சனம் என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாதே?

செவ்வாய்க்கிழமை பிரையனோட போனன். அவர்தான் இன்ஸ்பெக்டர், நல்ல மனிசன். கதவு திறக்க ஊதுபத்தி வாசம். அதுக்குப் பின்னால புதுப் பெயின்ற் மணம். இரண்டு நாளா பிளீச் போட்டு உரஞ்சி, சிவபாலன் சிநேகிதனிட்ட மிச்சப் பெயின்ற் வாங்கிவந்து சுவர் முழுக்க அடிச்சிருக்கிறார். அதுக்கு மேலயும் கறுப்புத் தெரிஞ்ச இடத்தில டூட்டிங் மளிகைக்கடைக் கலண்டர், லட்சுமி படம் போட்டது. துளசிக்குப் புதுச் சட்டை, முகத்துக்குப் பவுடர். மேசையில வடை, கேக், தேத்தண்ணி. பிரையன் மூண்டு வடை சாப்பிட்டார். பெயின்ற் அடிச்ச சுவரைத் தடவிப் பார்த்தார். இஞ்ச இருக்கிறது எப்பிடி எண்டு கேட்டார். சிவபாலன் எழும்பி நிண்டு, "பரவாயில்லை சேர், சமாளிக்கலாம்" எண்டார். எனக்கு நாக்கு நமநம எண்டுது. ஆனால் என்ர வேலையும் போய்விடும் எண்ட பயம், உள்ளதைச் சொல்லுறன். அப்பிடியே மொழிபெயர்த்தன்.

பிரையன் படியேற, நான் பவானியைக் கையில பிடிச்சு நிப்பாட்டினன். "விசரோ பிள்ளை உனக்கு? அந்தச் சுவரைப் பார்க்கத்தானே மனிசன் வந்தது!" பவானியின்ர முகம் வெளிறிப்போச்சு. அப்பதான் அவவுக்கு உறைச்சது. "ஐயோ அக்கா, ஒரு வெளியாள் வரேக்கை ஆர் அந்தச் சுவரைக் காட்டுவினம்?"

எதில மறைச்சனீங்கள்

'அறை சுத்தமாகப் பேணப்படுகிறது. ஈரத்தின் அடையாளம் இல்லை. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' இதையும் நான்தான் வாசிச்சன். அந்தக் கிழமையே துளசிக்கு மூச்சு முட்டி அம்புலன்சில கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில மூண்டு நாள். நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இது வந்திருக்காது எண்ட நினைப்பு என்னைத் தின்னத் தொடங்கிச்சுது. இண்டைக்கும் அது முழுசாப் போகேல்லை.

மேல்முறையீடு செய்தம். மார்கரெட்டுக்குப் பக்கத்தில அவவுக்கு மேல இருக்கிற பெரிய அதிகாரி ஒருவர். இந்தமுறை சிவபாலன் ஒண்டையும் ஒளிக்கேல்லை. பிளீச், பெயின்ற், கலண்டர் எல்லாம் சொன்னார். பெரியவர் கேட்டார், "அப்ப நீங்கள் கவுன்சிலிட்ட உண்மையை மறைச்சிருக்கிறியள். இது நேர்மையோ?" சிவபாலன் தலையைக் குனிஞ்சுகொண்டார். அதுவரைக்கும் மனிசனைக் கதைக்கவிட்டிட்டு இருந்த பவானி கதிரையை முன்னுக்கு இழுத்தா. அவ சொன்னதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நல்ல ஆறுதலா, அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லா இங்கிலீசில எடுத்து வைச்சன். மார்கரெட்டின்ர சட்டம் அண்டைக்குத்தான் எனக்கு முதன்முதலாப் பிடிச்சுது. "நாங்கள் சுவரை மறைச்சது வெட்கத்தில. ஒரு வருசத்துக்கு மேல எங்களை அங்க வைச்சுக்கொண்டு தற்காலிகம் எண்டு மறைச்சனீங்கள். அந்த வயசுபோன மனிசன்ர பேரை வெட்டிப்போட்டுக் கியூ குறைஞ்சது எண்டு மறைச்சனீங்கள். நீங்கள் அதுகளை எதில மறைச்சனீங்கள்?"

சொல்லாமல் வந்த ஆள்

பெரியவர் பைலைத் தன்ர பக்கம் இழுத்தார். பிறகு இன்னொருக்காப் போய்ப் பார்க்கச் சொன்னார். மார்கரெட் உடன போனை எடுத்து, இந்தமுறை கடிதம் போடவேண்டாம் எண்டு பிரையனுக்குச் சொன்னா.

தை மாதக் குளிர். ஒரு காலமை பிரையனும் நானும் போய்க் கதவைத் தட்டினம். பவானி தலைகூட இழுத்துச் சீவேல்லை, அறைக்குள்ள கயித்தில ஈரத் துணி. எங்களைக் கண்டதும் "ஒரு நிமிசம் நில்லுங்கோ" எண்டு கதவைச் சாத்தப் பார்த்தா. நான் காலை வைச்சுக்கொண்டன். உள்ளுக்க பெயின்ற் அப்பளம் மாதிரிப் பொங்கிக் கொட்டுண்டு கிடந்தது. பிரையன் கலண்டரைத் தூக்க, ஈரத்தில ஒட்டுப்பட்டுப் பாதி சுவரிலேயே நிண்டுது. பவானி முகத்தைப் பொத்திக்கொண்டு, குடுக்கத் தேத்தண்ணிகூட இல்லையே எண்டு அழுதா. பிரையன் கையில ஒட்டின கறுப்பைப் பார்த்துக்கொண்டு நிண்டார். "அண்டைக்கு நான் வடையைத்தான் பார்த்தனான், சுவரைப் பார்க்கேல்லை. என்னை மன்னிக்கச் சொல்லு."

மிச்சத்தில இரண்டாம் மாடி

மிச்சம் ஊரிலயே இரண்டாம் மாடியில அவைக்கு வீடு கிடைச்சுது. இரண்டு அறை, காய்ஞ்ச சுவர், தனிக் குசினி. ஜோர்ஜின்ர பேரையும் திருப்பிச் சேர்த்தவை. ஆனால் கியூவின்ர ஆகக் கடைசியில. அதைச் சொல்லேக்கை மார்கரெட் என்ர முகத்தைப் பார்க்கேல்லை. பாவம், அவவும் ஒரு சம்பளக்காரிதானே.

ஒரு மாதத்தால பிரையன் புதுவீட்டைப் பார்க்க வந்தார். நானும் போனன். சூட்கேஸ் மூண்டும் வெறுமையா அலுமாரிக்கு மேல ஏறியிருந்தது. துளசி அறைக்கு அறை ஓடித் திரிஞ்சா. காது குடுத்துக் கேட்டன், மூச்சில சத்தம் இல்லை. எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. வீடு எப்பிடி எண்டு பிரையன் கேக்க, சிவபாலன் எழும்பி நிண்டு கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, "பரவாயில்லை சேர்" எண்டு தொடங்கினார். பவானி குசினிக்குள்ள இருந்து ஓடிவந்தா. "இஞ்சாருங்கோ, நீங்கள் பேசாமல் இருங்கோ. அக்கா, அவரிட்டச் சொல்லுங்கோ, முதல்ல ஒழுகுற பைப்பை வந்து பார்க்கட்டாம், பிறகுதான் தேத்தண்ணி."

உள்ளதை உள்ளபடி காட்டப் பழகுறதுக்கு எங்கட பவானிக்கு ஒரு சுவர் போதுமாயிருந்தது. அரசாங்கத்துக்கு எத்தனை சுவர் வேணுமோ, எனக்குத் தெரியாது.