ஓடுகாலிப் பூ

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக நீராவி இஸ்திரி மெஷினில் நிற்கிறவள். போர்வையை விரித்து மேல்தட்டை இழுத்து மூடியதும் புஸ்ஸென்று எழும் புகையில் பாதி உடம்பு மறைந்துபோகும். "அக்கா, உள்ள நீங்க இருக்கீங்களா, உங்க ஆவி மட்டும்தானா?" என்று புதிதாக வந்த பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். இதைவிட மோசமான பேர் ஒன்று அவள் வீட்டின்மேல் ஒட்டிக்கொண்டிருந்ததால் இது அவளுக்கு உறைக்கவே இல்லை.

கூடத்துக்குப் பின்னால் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான காலி மனை. உடைந்த கட்டில், துருப்பிடித்த சக்கர நாற்காலி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அவற்றின்மேல் ஒரு காட்டுக்கொடி படர்ந்து கிடக்கும். பகலில் வெறும் தழை. பகல் ஷிஃப்ட் முடிந்து பொழுது மங்கும் நேரத்தில் உள்ளங்கை அகல வெள்ளைப் பூக்கள் ஒவ்வொன்றாக விரியும். வாசனை கிடையாது. விடிவதற்குள் சுருங்கித் தொங்கிவிடும். அதற்குப் பேர் ஓடுகாலி. கொடி தரையெல்லாம் ஓடுகிறதே, அதனால் என்பார் ஒருவர். விடியுமுன் ஓடிவிடுகிறதே, அதனால் என்பார் இன்னொருவர். ஆவியக்கா பக்கத்தில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அவளுக்கு ஒன்பது வயசாக இருந்தபோது அவள் அம்மா இதே கூடத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து, காலி மனை வழியாகக் குறுக்கே நடந்து வீட்டுக்குக் கிளம்பியவள் வந்து சேரவில்லை. அதே வாரம் ஆஸ்பத்திரி வேன் டிரைவர் வேலையை விட்டு வெளியூர் போயிருந்தான். போதாதா? இரண்டையும் முடிச்சுப் போட ஜனங்களுக்கு ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. அந்த மழைக்குக் கொடி என்றுமில்லாதபடி செழித்துப் பூத்தது. "ஓடுகாலி போன தடத்துல பூத்திருக்கு பாரு" என்று யாரோ வம்பு பேச, பேர் நிலைத்துவிட்டது.

அப்பா அதற்கப்புறம் அம்மாவைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அவளைப் பெண் கேட்டு மூன்று இடம் வந்தது. மூன்றும் "ஓடுகாலி மக" என்ற ஒரே சொல்லில் முறிந்தது. அவளும் அம்மாவைக் கரித்துக்கொட்டித்தான் வளர்ந்தாள். ஆனால் தினமும் பூ விரியும் நேரத்தில் பின்கதவைத் தாண்டும்போது யாரோ தன்னைக் கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்துவிடுவாள்.

போன வருஷம் ஒரு கல்லூரி டீச்சர், காட்டுச் செடிகளைப் பட்டியல் எடுக்கிறேன் என்று நோட்டும் கையுமாக வந்தார். "இதுக்கு இங்க என்ன பேர் சொல்லுவீங்க?"

வாட்ச்மேன் தொண்டையைச் செருமினார். மற்றப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"ஓடுகாலி" என்றாள் ஆவியக்கா.

"ஏன் அப்படி ஒரு பேரு?"

"எங்கம்மாவை வெச்சு வந்த பேரு மேடம். எழுதிக்கோங்க."

டீச்சர் எழுதிக்கொண்டார். பிறகு சங்கடத்தோடு, வேரோடு ஒரு கொடி வேண்டும் என்றார். எந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு போனாலும் அது கட்டில் குவியலுக்கு அடியில் கிடந்த ஒரு சிமென்ட் பலகையில் போய் முடிந்தது. விரிசல் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. வாட்ச்மேன் கடப்பாரையால் நெம்பினார். கீழே பழைய தண்ணீர்த் தொட்டி, இரண்டு ஆள் ஆழம். டார்ச் அடித்துப் பார்த்தவர் சட்டென்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"நீ பார்க்காதம்மா."

அவள் பார்த்துவிட்டாள். வேர்களுக்குள் எலும்பு. சலவைக்கூடத்து ஆட்கள் கழுத்தில் மாட்டும் தகர வில்லை ஒன்றும் கிடந்தது. போலீஸ் துடைத்துப் பார்த்தபோது எண் பதினேழு. அம்மாவின் எண்.

அந்தக் காலத்தில் தொட்டியை மூடியிருந்தது துருவேறிய தகரம்; அதில்தான் அம்மா கால் வைத்திருக்க வேண்டும். அது உடைந்து கிடந்ததைப் பார்த்த நிர்வாகம், யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று மழைக்குப் பின் பலகை போட்டு மூடியிருக்கிறது. அதற்குள் தொட்டி நிறைய மழைத்தண்ணீர் சேர்ந்திருந்ததால் ஒருவரும் உள்ளே துழாவிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். "அப்பா, அம்மா எங்கேயும் ஓடிப்போகல."

அப்பாவுக்குக் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. கையிலிருந்த டம்ளரைத் தடவிக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நான் தேடிக்கிட்டு அங்க போனேன். வாசல்லயே ஒருத்தன், அவ வேன்ல ஏறிப் போனதைப் பார்த்தேன்னு சொன்னான். ரத்தம் கொதிச்சிடுச்சு. அப்பத்தான், பூ விரியிற நேரம், பின்னாடி மனையிலேர்ந்து ஒரு சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவை."

"என்ன சத்தம்?"

"பூனைன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நெனச்சுக்கிட்டீங்களா?"

"உன் பேரைச் சொன்ன மாதிரி இருந்துச்சும்மா. கோவத்துல திரும்பி வந்துட்டேன்."

ஒரு மாதம் அவள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், துணி மடித்து வைத்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. முன்பு அம்மாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தி வீடு தேடி வந்து, "அன்னிக்குப் பூவைப் பார்த்து நான் ஏதோ வாய் தவறிச் சொன்னதுடி" என்று கையைப் பிடித்து அழுதாள். "முப்பத்தோரு வருஷமாவா தவறுச்சு?" என்று கேட்டு ஆவியக்கா கையை உருவிக்கொண்டாள்.

டீச்சருக்குப் போன் போட்டு, "அந்தப் பேரை அடிச்சிடுங்க மேடம்" என்றாள். அவர் தயங்கித் தயங்கி, "ஜனங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும். அவங்க மாத்தினா நானும் மாத்துறேன்" என்றார். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னாள். கொஞ்ச நாள் எல்லோரும் "அந்தப் பூ" என்றார்கள். அப்புறம் வேலைக்கு வந்த பெண்கள் பழையபடி ஓடுகாலி என்கிறார்கள். கொடி ஓடுகிறதே, அதனாலாம். அவர்களிடம் சண்டைக்குப் போக அவளுக்குத் தெம்பில்லை.

இப்போது அப்பா தினமும் தன்னை அங்கே கூட்டிப்போகச் சொல்கிறார். அவளும் கூட்டி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்கிறாள். இருட்டும்போது அவர் கேட்பார், "பூத்துடுச்சாம்மா?"

மனை முழுக்க வெள்ளையாக இருக்கும்.

"இன்னும் இல்லப்பா" என்பாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, தொட்டிப் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பார்.